இருபத்திரண்டு வயதுக் குட்டி

எங்கள் பூனைக்கு இருபத்திரண்டு வயது. கால்நடை டாக்டரே நம்பாமல், "மக வயசச் சொல்றீங்களா, பூனை வயசச் சொல்றீங்களா?" என்று கேட்டார். மகளுக்கு இருபத்தெட்டு. ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள்தான் அதைச் சாக்கடை ஓரத்திலிருந்து யூனிஃபார்ம் பாவாடையில் பொதிந்து கொண்டுவந்தாள். குட்டி என்று கூப்பிட்டோம். கிழமான பிறகும் அதே பேர்தான். அவள் அப்பா தவறிய பிறகு அந்த வீட்டில் நாங்கள் மூன்று உயிர்.

கடைசி இரண்டு வருடமாகக் குட்டிக்குக் கண் தெரியாது, பல் இல்லை. நெத்திலியை அவித்துப் பிசைந்து ஊட்டுவேன். படுத்த இடத்திலேயே மூத்திரம் போகும். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட துணியை விரித்து, காலையும் மாலையும் மாற்றுவேன்.

வளைகாப்பு முடிந்து மகள் பிரசவத்துக்கு வந்தாள். இரண்டாவது வாரம் ஒருநாள், நான் கம்பெனியில் செக்கிங் வேலை முடிந்து வந்தபோது குட்டியின் படுக்கை காலியாக இருந்தது.

"கதவு தெறந்து கெடந்துச்சும்மா, நான் தூங்கிட்டேன். வயசான பூனை சாகறதுக்குத் தனியாப் போயிரும்னு சொல்வாங்கல்ல?" என்றாள்.

கண் தெரியாதது எப்படிப் படியிறங்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. சொன்னவள் என் மகள். மூன்று நாள் தேடினேன். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். சாக்கடைக்குள் டார்ச் அடித்து, "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டாள். நான் அழுதபோது தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நான்காம் நாள் கம்பெனி வேன் டிரைவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்கக்கா, ஒடம்புக்கு முடியலீங்களா?"

"பூனையக் காணோம் தம்பி."

அவர் முகம் மாறியது. "நீங்கதான் குடுத்து உடச் சொன்னீங்கன்னு உங்க பொண்ணு சொல்லுச்சுங்களே? உங்க வீதிக்குத் துணிக்கட்டு எறக்க வந்தப்ப கட்டப்பையில போட்டுக் குடுத்துச்சுங்க. ஆத்தோரம் உட்டுருங்கன்னு. எனக்கு மனசு கேக்கலீங்க. நம்ம வேஸ்ட் குடோன்ல எறக்கி உட்டுட்டேன்."

குடோனுக்கு ஓடினேன். வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தது. வடக்கத்திப் பெண் ஒருத்தி டீக் கப்பில் பால் வைத்திருந்தாள். என் விரலை மோந்ததும் குட்டி வாயைத் திறந்து கத்தியது. சத்தம் வரவில்லை.

வீட்டுக்குத் தூக்கிப்போனேன். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்கம்மா. சொன்னா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன். மாடி ரூம்ல கொண்டு வச்சிருப்பேன். சரி, அதை விடு. கூடக்கூட வந்து தேடுனியே, அது எதுக்குடி?"

"நீ அழுதியேம்மா."

முதல் பிள்ளைக்காரியின் பயம் எனக்குப் புரிந்தது. அந்த டார்ச் வெளிச்சம்தான் இன்றுவரை புரியவில்லை.

வீட்டு ஓனரிடம் கேட்டு மாடி ரூமில் குட்டியை வைத்துக்கொண்டேன். பேத்தி பிறந்தாள். பத்தியக் குழம்பு வைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன், ஒரு குறையும் வைக்கவில்லை. குட்டியைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. மகள் புகுந்த வீட்டுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது என் மடியில் போய்விட்டது. டிரைவர் தம்பி வந்து குழி தோண்டினார். நான் மகளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

தினமும் வீடியோ காலில் பிள்ளையைக் காட்டுகிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று போன வாரம் சொன்னாள். தெர்மாமீட்டரைக் காட்டு என்றேன்.