வீரகத்தியரின் சோடா

எங்கள் அப்பா வீரகத்தி, கிளிநொச்சிப் பக்கம் ஜெயபுரத்தில் இருபத்தெட்டு வருடங்களாகச் சோடா குடித்து வருகிறார். விருப்பத்தில் அல்ல. அவருக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது. ஆனாலும் அடுத்த வளவு மீனம்மா வீட்டுக்குப் போனால் சோடாதான். மீனம்மாவின் குடும்பம் மலையகத்தில் இருந்து வந்து குடியேறியது, நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். அவர்கள் குசினியில் ஆக்கியதை எங்கள் ஆட்கள் வாயில் வைப்பதில்லை. மூடி திறக்காத போத்தலில் மட்டும் குற்றம் இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவர் சோடாக் கொம்பனி வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மற்றபடி அப்பா பொல்லாதவர் இல்லை. மீனம்மாவின் புருஷன் நோயில் விழுந்தபோது கொட்டும் மழைக்குள் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். அந்த மனிதன் செத்த பிறகு பந்தல் போட்டு நின்றவரும் அவர்தான். எல்லாம் முடித்துக் களைத்துப்போய், சோடா குடித்தார்.

போன வருடம் கிளிநொச்சியில் 'வயல்வாசம்' என்று ஒரு சாப்பாட்டுக்கடை திறந்தார்கள். முதலாளி வெளிநாட்டில் இருந்து வந்தவர். மின்குமிழ்கள் மீன் பிடிக்கும் கூடைகளுக்குள் தொங்கும். குளிரூட்டிய அறைக்கு ஓலைக்கூரை. அந்த ஓலையில் இருந்து தப்பி எங்கள் வீட்டுக்கு ஓடு போடுவதற்கு நாங்கள் எத்தனை அரசாங்கக் கந்தோருக்கு அலைந்தோம் என்று முதலாளிக்குத் தெரியாது. குரக்கன் மாப் பிட்டும் விரால் மீன் குழம்பும் மண்சட்டியில் வரும். சனம் படம் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடும்.

அம்மா போன பிறகு வீட்டில் சமையல் என்னுடையது. நான் நல்லாச் சமைப்பேன் என்று எனக்கே பொய் சொல்லமாட்டேன். ஒரு ஞாயிறு அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். முதல் வாயிலேயே அவர் கண்ணை மூடிவிட்டார்.

"ராஜினி, ஊர்ச் சாப்பாடு எண்டால் இது. செய்தது எங்கட ஆக்கள்தான். கையிலயே தெரியுது."

செய்தது மீனம்மா. கடை திறந்த நாளில் இருந்து அவர்தான் அங்கே தலைமைச் சமையல். அந்தக் கடையில் மீனம்மா வேலை செய்வது அப்பாவுக்கும் தெரியும். ஒருநாள் அந்தக் குசினி வாசலில் அவரைக் கண்டும் இருக்கிறார். கோப்பை கழுவ வைத்திருக்கிறார்கள் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். மீனம்மாவின் மகள் தேனுகா எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போகத் தொடங்கிய பிறகும் நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிறும் நான்தான் சமைக்க வேண்டும். இந்தக் கதையில் நானும் யோக்கியம் இல்லை.

வைகாசியில் தேனுகாவுக்குக் கலியாணம் முற்றாகி நாளும் குறித்தாயிற்று. மீனம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வந்து சொன்னார். தகப்பன் இல்லாத பிள்ளை. ஐயா முதல் பந்தியில் இருந்து சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பகுதி என்ன ஏது என்று கேட்கும் என்றார். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா முந்திவிட்டார்.

"வருவன், முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்வன். எனக்கு ஒரு சோடா போதும், பிள்ளை."

மீனம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கு அப்பாவின் மேல் வந்த ஆத்திரத்தில், அன்று குழம்புக்கு உப்பே போடவில்லை.

அடுத்த ஞாயிறு வயல்வாசத்தில் வழக்கம்போலப் பிட்டுக்குச் சொன்னோம். எனக்குப் பிட்டு வந்தது. அப்பாவுக்கு வாழையிலை விரித்த மண்தட்டில் மூடி திறக்காத ஒரு சோடாவும் மூடி திறக்கிற சாவியும் வந்தன. கொண்டுவந்து வைத்தவர் மீனம்மா.

"இங்க சமைக்கிறது நாந்தாங்க, ஐயா. தெரியாமச் சாப்பிட வச்சா எனக்குப் பாவம்."

அப்பா என்னைப் பார்த்தார். தெரியும் என்று தலையாட்டினேன். அவர் சோடாவைத் திறக்கவும் இல்லை, பிட்டைக் கேட்கவும் இல்லை. எழுந்து வெளியே நடந்தார். மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வந்தோம். படலை திறக்கும்போதுதான், எத்தனை ஞாயிறு சாப்பிட்டிருப்போம் என்று கேட்டார். முப்பதுக்குக் கிட்ட வரும் என்றேன்.

அதன்பிறகு ஒரு மாதம் என் சமையல்தான். அப்பா வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. அதைப்போல ஒரு தண்டனை எனக்கு வேறு இல்லை.

கலியாணத்தன்று அவர் காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்றார். தாலி கட்டி முடிந்ததும் நேரே போய் முதல் பந்தியில் இருந்தார். எங்கள் ஆட்கள் சிலர் வாய் பிளந்து பார்த்தார்கள். மீனம்மா ஓடி வந்து தன் கையாலேயே சோறு போட்டார். அப்பா குழைத்து ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார், பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"மீனம்மா, இது உன்ர கை இல்லையே."

"இல்லைங்க. யாழ்ப்பாணத்துல இருந்து ஒங்க ஆளுங்களையே கூட்டியாந்து சமைக்க வச்சேன். அப்பவாச்சும் நீங்க ஒரு வாய் சாப்பிடுவீங்கன்னு. அன்னைக்குச் சொல்ல வந்தது அதத்தாங்க, ஐயா."

அப்பாவின் கை இலையிலேயே நின்றது.  அவர் குனிந்தபடியே, நாளைக்கு உன் வீட்டில் பிட்டு அவிப்பாயா என்று மீனம்மாவிடம் கேட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அது.

 மீனம்மா பக்கத்து இலைக்குப் பருப்பு விட்டார். பிறகு சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு அவிக்கணும். மிச்சம் இருந்தாச் சொல்லி அனுப்புறேங்க, ஐயா."

அடுத்த நாள் விடிந்ததில் இருந்து அப்பா மீனம்மா வீட்டு வேலியோரத்திலேயே நின்றார்.