சாங்கி மணலில் பொரிந்த கடலை

எனக்குத் திருமணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை நானும் என் மனைவியும் பேசிக்கொண்டதையெல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறாது. சண்டை ஒன்றுமில்லை. நான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்தவன். அவள் சிங்கப்பூரிலேயே பிறந்தவள். அவளுடைய அத்தா எங்கள் கரைக்காரர்தான். ஆனால் தாயார் மலாய்க்காரர், வீட்டில் மலாய்தான் புழக்கம். தமிழைக் கேட்டே வளர்ந்தவளுக்கு அதை வாய்விட்டுப் பேச வெட்கம். எனக்குத் தெரிந்த மலாயோ அரிசி, உப்பு, எவ்வளவு, நாளைக்கு வா என்பதோடு சரி. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் என்ன பேசுவது?

அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோறு ஆனதும் வளையலைக் குலுக்குவாள். நான் போய் உட்காருவேன்.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குப் பிறகு கடை திறப்பதில்லை. மழைக்காலம். ஓட்டுக்கூரையில் தண்ணீர் ஓடும் சத்தத்தில் பகல் முழுவதும் அரைத்தூக்கமாகவே கிடக்கும். வீதியில் போகும் மாட்டுவண்டிகள்கூட தூரத்தில், வேறு ஏதோ ஊரில் போவதுபோலக் கேட்கும். அப்படி ஒரு மதியம், கடையிலிருந்து கொண்டுவந்த கொண்டைக்கடலையை அவள் முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பாயில் படுத்திருந்த நான் ஏதோ கனவில் பேசுவதுபோலச் சொன்னேன்.

"இத வறுத்தா நல்லாருக்கும்."

அவள் நிமிர்ந்தாள். "எண்ணெயிலயா?"

"இல்ல. மணல்ல."

அவள் எழுந்து வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டாள். நான் விளக்க முயன்றேன். மணல், சட்டி, கடலை என்று கையால் காற்றில் வரைந்து காட்டினேன். எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது கிண்ணத்தில் கருகிய கடலை இருந்தது. மணல் இல்லாமல் வெறும் சட்டியில் வறுத்திருந்தாள். எனக்காகச் செய்தாளே என்ற சந்தோஷத்தில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்தேன். மேலே கரி, உள்ளே கல். கடைவாய்ப் பல்லில் ஒரு சில்லு உடைந்து நாக்கில் வந்து விழுந்தது. நான் அதை எடுத்துப் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"பரவாயில்ல புள்ள, பரவாயில்ல" என்றேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதன்பிறகு பல நாள் வளையல் சத்தம்கூட மெலிந்துபோயிற்று.

மழை சற்று ஓய்ந்த வாரத்தில் சாங்கியில் இருந்த அவளுடைய மாமியைப் பார்க்கப் போனோம். கேலாங் வரை அப்போது புதிதாக விட்டிருந்த டிராமில் போய், அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்தோம். வழியெல்லாம் தென்னந்தோப்பு. கடலோரத்தில் கால்நட்டு எழுப்பிய மரவீடு மாமியுடையது. இரவெல்லாம் தரைப்பலகைக்குக் கீழே அலை வந்து போய்க்கொண்டிருந்தது. கப்பலில் படுத்திருப்பதாகவே நினைத்துத் தூங்கினேன்.

விடியலில் பக்கத்தில் அவளைக் காணோம். வாசற்படியில் வந்து நின்றேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். தண்ணீர் விலகிப்போன கரையில் அவள் தனியாகக் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தாள். சிப்பி பொறுக்குகிறாள் என்று நினைத்தேன். கூப்பிடத் தோன்றவில்லை. கூப்பிட்டால் அந்தக் கரையே கலைந்துவிடும் போலிருந்தது.

திரும்பி வந்தவள் கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. என் காலடியில் இறக்கி வைத்தாள்.

"பாசிர்" என்றாள். பிறகு, யோசித்து, "மணல்."

அந்த மூட்டையை வீடு திரும்பும் வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தாள். நான் தூக்கிக்கொள்கிறேன் என்று கைநீட்டினால் தலையாட்டி மறுத்தாள். வண்டிக்காரர் பாடிக்கொண்டே ஓட்ட, வண்டி ஆட்டத்தில் இருவரும் தூங்கிப்போனோம். விழித்தபோது என் தோளில் அவள் தலை இருந்தது. வண்டிக்காரர் பாட்டை நிறுத்தியிருந்தார்.

மணலை அவள் உப்புப் போகும்வரை அலசினாள். காயப்போட்டால் மழை வந்துவிடும். அள்ளி உள்ளே கொண்டுவருவோம், வெயில் வந்தால் மறுபடி பரப்புவோம். அது காய்வதற்குள் ஒரு வாரமாயிற்று. அதற்குள் எங்களூர்க் கடைத்தெருவில் கடலை வறுப்பவரை நான் பார்த்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நினைவுக்கு வந்தது. கடலையை அவர் அப்படியே வறுக்கமாட்டார். உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்திருப்பார். நானும் அப்படியே கொஞ்சம் மஞ்சளும் சேர்த்துப் பிசறி மூடி வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. துணியில் பரப்பி நிழலில் உலர்த்தினோம்.

இரும்புச்சட்டியில் மணல் சூடேறியது. அவள் விறகைத் தள்ளினாள், நான் கரண்டியால் கிளறினேன். மணலின் நிறம் மாறி ஆவி மாதிரி ஒன்று மேலே நடுங்கியதும், "இப்பப் போடு" என்றேன். ஒரு கை போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரண்டியை இன்னும் ஆழமாக விட்டுக் கிளறினேன்.

பிறகு ஒரு கடலை வெடித்தது. சின்னச் சத்தம். இன்னொன்று. அப்புறம் சட்டி முழுக்கப் படபடவென்று பொரிந்தது. தோல் வெடித்து, உள்ளே மஞ்சள் தெரிந்தது. ஒன்று துள்ளி அவள் மடியில் விழுந்தது.

"மச்சான்!" என்று கத்தினாள். "இங்க பாருங்க மச்சான், குதிக்குது!"

கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "கிளறுங்க லா, கருகிடும்!" என்றாள், மலாய்ப் பேச்சில் ஒட்டும் அந்த 'லா'வோடு.

மாவு சலிக்கும் சல்லடையில் கொட்டி ஆட்டினோம். மணல் கீழே இறங்க, கடலை மட்டும் தங்கியது. முதல் கடலையை என்னைத் தின்ன விடவில்லை. தானே கடித்துப் பார்த்தாள். மொறுமொறுவென்று உடைந்தது. அதன்பிறகுதான் என் கையில் கொடுத்தாள்.

"மாமிகிட்ட கேட்டேன்" என்றாள். "மணல்ல வறுக்கிறது நெசமான்னு. மாமி சொன்னாங்க, 'ஒன் அத்தாகூட அப்படித்தான் சொல்லுவாரு, நான்தான் நம்பல'ன்னு."

அவள் அவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, சூடு ஆறாத கடலையை நடுவில் வைத்துக்கொண்டு தின்றோம். முற்றத்தில் மழை மறுபடி இறங்கியது. விரலில் ஒட்டிய உப்பை நக்கியபடி கேட்டாள்.

"ஒங்க ஊர்ல கடல் எந்தப் பக்கம்?"

"கெழக்கே. சூரியன் கடல்லேருந்துதான் வரும்."

"சாங்கியிலயும் அப்படித்தான்" என்றாள். பிறகு மலாயில் ஏதோ சொல்லத் தொடங்கினாள். தன் சின்ன வயதுக் கதை என்று நினைக்கிறேன். ஒரு படகும் ஒரு பூனையும் வந்தது புரிந்தது. மீதி புரியவில்லை, என்னவென்று கேட்டு அவளை நிறுத்தவும் இல்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.