எக்ஸ்சேஞ்சில் போன கல்யாணம்

கல்யாண வீடியோக்களை எடிட் செய்வது என் தொழில். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்குப் போகும் வழியில், இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. ஒரு அறை கம்ப்யூட்டருக்கு. நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவன். நான்கு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கல்யாணத்துக்குப் போகாமலே கல்யாணத்தில் சம்பாதிக்கலாம் என்று தெரிந்தபோது, இதைவிட எனக்குப் பொருத்தமான வேலை கிடையாது என்று நினைத்தேன். குரோம்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்கு வேலை தருவார். படம் பிடித்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டு அனுப்புவார். நான் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பேன். மாதத்தில் ஒரு முறை நேரில் பார்த்துக்கொண்டால் அதிகம்.

இந்தத் தொழிலில் கேமரா வாங்குவது ஸ்டூடியோக்காரர், அதற்கு அழுவது எடிட்டர். அவர் புதுக் கேமரா வாங்கினால் படம் நான்கு மடங்கு பெரிதாகிவிடும். என் கம்ப்யூட்டர் அதை ஓட்ட முடியாமல் திணறும். கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது. பவர் சப்ளையை மாற்றினால் கேபினெட்டில் இடம் போதாது. கேபினெட்டை மாற்றிய பிறகு, மதர்போர்டு பழசு, புது ரேம் இதில் ஏறாது என்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவில்லை.

என் மனைவி ஏற்றுமதித் துணி நிறுவனம் ஒன்றில் தையல் வேலைக்குப் போகிறாள். அந்த அறையைப் பெருக்கும்போதெல்லாம் சொல்வாள்: "இந்தப் பெட்டிக்கு வாங்கிப் போட்டத எனக்கு வாங்கிப் போட்டிருந்தா கழுத்து குனிஞ்சே போயிருக்கும்."

போன வருடம் பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக் கல்யாணத்தை அண்ணன் எடுத்தார். மூன்று கேமரா, ஒரு டிரோன். என் கம்ப்யூட்டரில் அந்தப் படம் நகரவே இல்லை. நாதஸ்வரம் ஊதுபவர் கன்னம் உப்பியபடியே நிற்பார், சத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இப்படி ஆனால் எடிட்டர்கள் நாங்கள் ஒன்று செய்வோம். ஒவ்வொரு ஃபைலுக்கும் மங்கலாக ஒரு சின்னக் காப்பி எடுத்து, அதை வைத்து வெட்டுவோம். எல்லாம் முடிந்து கடைசியாக முழு வீடியோவாக வெளியே எடுக்கும்போது சாஃப்ட்வேர் தானே ஒரிஜினலைத் தேடி எடுத்துக்கொள்ளும். அதற்கு ஒரிஜினல் இருக்க வேண்டும்.

சின்னக் காப்பிகள் வெளியில் மாட்டும் ஒரு டிஸ்க்கில் இருந்தன. ஒரிஜினல்கள் கம்ப்யூட்டருக்கு உள்ளே இருந்த பெரிய டிஸ்க்கில். முன்பெல்லாம் ஸ்டூடியோவிலும் ஒரு பிரதி வைப்பார்கள். டிஸ்க் விலை ஏறியதிலிருந்து அண்ணன் அதை நிறுத்திவிட்டார். கேமரா கார்டுகளை அடுத்த முகூர்த்தத்துக்கு அழித்துவிடுவார். ஆக, அந்தக் கல்யாணம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது.

வேலை பாதியில் இருக்கும்போது அண்ணன் போன் செய்தார்.

"பள்ளிக்கரணை பார்ட்டிடா. பொண்ணோட அப்பா தவறிட்டாரு. மார்வலின்னு சொல்லியிருக்காரு, ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிடுச்சு. அந்தப் பொண்ணு வீடியோவ கேட்டு அழுவுது. முப்பதாம் நாளுக்குள்ள குடுக்கணும்."

"மிஷின் இழுக்கலண்ணா."

"எத்தன நாளைக்கு இதையே சொல்லுவ? மிஷின மாத்து. இல்லன்னா சொல்லு, வேற ஆளப் பாக்கறேன்."

அவரை எனக்குத் தெரியும். பெண்ணின் அப்பாவைத்தான் சொல்கிறேன். நேரில் பார்த்ததில்லை. ஒரு மாதமாக, ஒரிஜினல் உறைந்து உறைந்து நின்ற திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் அம்மைத் தழும்பு. இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டுவதும் இறக்கிவிடுவதுமாகவே மண்டபம் முழுக்கச் சுற்றினார். கேமரா தன் பக்கம் திரும்பினால் கையை ஆட்டி, "என்ன எதுக்குப்பா எடுக்கற, அங்க பொண்ண எடு" என்பார். பேச்சையெல்லாம் எடுத்துவிட்டுப் பாட்டுப் போடுவதுதான் எங்கள் வழக்கம். அதனால் அந்த இடத்தில் அவர் குரலை நான் வெட்டியிருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் நான் வழக்கமாகப் போகும் கம்ப்யூட்டர் கடையில் விலை கேட்டேன். மூன்று மாதத்துக்கு முன் கேட்ட விலையைவிட ரேம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

"இன்னா சார் பண்ண சொல்ற? ஏஐ கம்பெனிக்காரன் மொத்தமா அள்ளிக்கினு பூட்டான். நமக்கு வர்றது மிச்சம் மீதிதான். இன்னிக்கு ரேட்டு இன்னிக்குத்தான், நாளிக்கு வந்தா நான் ஜவாப்தாரி இல்ல" என்றார் கடைக்காரர்.

மொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. மனைவி தன் இரண்டு வளையல்களைக் கழற்றி என் முன்னால் மேசையில் வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடகு வைத்த பிறகும் பணம் கொஞ்சம் குறைந்தது.

"பழசக் குட்த்துடு சார். பழைய ரேமுக்கும் இப்போ ஆளு கீது. உள்ள இருக்கிற டிஸ்க்கயும் சேத்துக் குட்த்தா இன்னும் ஆயிரத்து இருநூறு கம்மி பண்ணிக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

பழைய மெஷினைக் கடைக்குக் கொண்டுபோகும் நாள் காலையில் ஒரிஜினல்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது திரை வழக்கம்போல உறைந்து நின்றிருந்தது. அணைத்து மறுபடி போட்டேன். வெளி டிஸ்க்கில் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரிந்தன. முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரர் புது மெஷினைப் பூட்டி, என் வெளி டிஸ்க்கை மாட்டி, "பாத்துக்க சார், உன் சரக்கெல்லாம் வந்துச்சா?" என்றார். திறந்தேன். கல்யாணம் ஓடியது. தடங்கலே இல்லை. நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பிச் சுருங்கியது. அட்சதை காற்றில் பறந்து விழுந்தது. ஒன்றரை லட்சம் வீண் போகவில்லை என்று எனக்குக் கண் கலங்கியது. மெஷின் வேகமாக ஓட்டுகிறது என்று நினைத்தேன். அது ஓட்டியது சின்னக் காப்பிகளை. அந்தக் கடைத் திரையும் சின்னது.

ஒரு சந்தேகம் எழத்தான் செய்தது. பழைய டிஸ்க்கை இன்னொரு முறை மாட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன், அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர், "அண்ணே, இவரு இன்னிக்கு நகருவாரா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். "எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

நான்காம் நாள் வேலை முடிந்து வீடியோவை வெளியே எடுக்கப் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. ஃபைலைக் காணவில்லை என்ற அறிவிப்பு. வெளி டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். பெயர்கள் இருந்தன. உள்ளே முதல் கேமராவின் ஏழெட்டு ஃபைல்கள், மண்டப வாசலும் வாழை மரமும். மற்றதெல்லாம் வெறும் ஃபோல்டர்.

கடைக்குப் போன் செய்தேன்.

"அதுவா? அன்னிக்கே ஃபார்மட் அட்ச்சி, மறுநாளே பூடுச்சு சார். யாரு வாங்குனாங்கன்னு பில்லு இன்னாத்துக்குப் போடப்போறேன், பழைய டிஸ்க்குக்கு?"

நேரில் போனால் நினைவுபடுத்திக்கொண்டு சொல்லக்கூடும் என்று இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கடையில் கூட்டம். எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இதை அப்போது என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணன் திட்டி முடித்த பிறகு ஒரு வழி சொன்னார். "உன் புது மிஷின்ல ஏஐ போட்டு மங்கல கிளியர் பண்ணலாம்ல? எல்லாரும் பண்றான். பண்ணு. பார்ட்டிக்கு மூச்சு விடாத."

இரண்டு நாள் அந்த மெஷின் விசிறி இரைய உழைத்தது. அறை அடுப்படி மாதிரி காய்ந்தது. முடிந்ததும் பார்த்தேன். புடவை ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. பெண்ணின் அப்பா பளிச்சென்று இருந்தார். தழும்பைக் காணோம். இரண்டு இமையும் ஒரே அளவில் திறந்திருந்தன. பல் வரிசை புதிதாக இருந்தது. மங்கலில் இல்லாததை அது தானாக வரைந்து நிரப்பியிருந்தது. யாரோ ஒருவர் அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் மகளுக்குத் தாரை வார்த்தார்.

"சூப்பரா கீறாருடா! பத்து வயசு கொறஞ்சிடுச்சு" என்றார் அண்ணன். முப்பதாம் நாளுக்கு முந்தின நாள் கொடுத்து அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திரையில் நூறு முறை பார்த்த முகம். கண் மை இல்லாமல், பூ இல்லாமல், ஸ்கூட்டர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஸ்டூடியோவில் சண்டை போட்டு என் விலாசத்தை வாங்கியிருக்கிறாள்.

"அண்ணா, நீங்கதான எடிட் பண்ணீங்க? ஒண்ணு கேக்கணும். டிவில போட்டோம். எங்கம்மா பாத்துட்டு, 'யாருடி இது, மாப்ள வீட்டு ஆளா'ன்னு கேக்கறாங்க. எங்கப்பாவ பாத்து." சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "என்னண்ணா பண்ணீங்க அவர?" என்றாள்.

அண்ணன் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

சின்னக் காப்பிகளைப் போட்டுக் காட்டினேன். பெரிய மானிட்டரில் அவர் வெறும் சாம்பல் கறையாக இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டும் விதத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அந்தப் பெண் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதையும் குடுங்க. பாட்டு இல்லாம, வெட்டாம, அப்படியே குடுங்க" என்றாள். பிறகு, "அந்தக் கடை எங்க இருக்கு?" என்றாள்.

நான் எதிர்ப்பக்கம் நின்று திரும்பிய கடைக்கு அவள் ஐந்து முறை போனாள். முதல் நாள் துரத்தினார்களாம். மூன்றாம் நாள் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்களாம். கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். "இன்னா சார், இப்டி பேஜார்ல மாட்டி வுட்ட? அந்தப் பொண்ணு வந்து சும்மா குந்திக்கினு கீது. சத்தம் போட்டாலாவது பதிலுக்கு சத்தம் போடலாம்."

ஐந்தாம் நாள் அவருக்கு நினைவு வந்தது. கண்காணிப்பு கேமரா மாட்டும் ஒரு ஆள் பழைய டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கிப் போனார். அவரைப் பிடித்து, எங்கெங்கே மாட்டினார் என்று கேட்டு, அந்த அளவு டிஸ்க் போனது வண்டலூரில் ஒரு மளிகைக் கடைக்கு என்று கண்டுபிடித்தாள். அழித்த டிஸ்க்கிலிருந்தும் மீட்கலாம் என்று எங்கோ படித்திருக்கிறாள். அதற்கு ஆகும் செலவையும் விசாரித்து வைத்திருந்தாள். அவள் சொன்ன தொகைக்கு என் பழைய கம்ப்யூட்டரையே வாங்கிவிடலாம்.

"நீங்க வாங்கண்ணா. எனக்குப் பாத்தா எது உங்க டிஸ்க்குன்னு தெரியாது" என்றாள்.

போகும்போதே எனக்குத் தெரியும். அழித்த டிஸ்க்கை யாரும் தொடாமல் வைத்திருந்தால் மீட்கலாம். கேமராவில் மாட்டிய டிஸ்க் ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. இடம் தீர்ந்ததும் முதலிலிருந்து மறுபடி எழுதும். ரயிலில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெருங்களத்தூர் வந்தது, வண்டலூர் வந்தது. சொல்லவில்லை.

மளிகைக் கடை அம்மா நல்லவர். விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ பாவம், பாத்துக்கோம்மா" என்று அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். சோப்பு அட்டைகளுக்கு மேலே இருந்த கேமரா பதிவுப் பெட்டியை இறக்கி, நான்கு திருகுகளைக் கழற்றினேன். டிஸ்க்கின் மேல் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்து: 'கல்யாணம் 2'.

அவள் அதைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதான! இதான அண்ணா!" அவள் முகத்தில் வந்ததை மணமேடை வீடியோவில்கூட நான் பார்த்ததில்லை.

அப்போது சொன்னேன். மூன்று நான்கு வாக்கியம்தான் இருக்கும். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

"எத்தன நாள் இருக்கும்மா இதுல?" என்று கடை அம்மாவிடம் கேட்டாள்.

"பதினஞ்சு நாள்னு சொன்னாரும்மா மாட்டினவரு. அப்பறம் அதுவே பழச அழிச்சிட்டு எழுதுமாம். போட்டு ஒரு மாசம் மேல ஆவுது."

பெட்டியை மூடித் திருகுகளை முடுக்கி, மேலே வைத்து, சுவிட்சைப் போட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மானிட்டரில் கடை வாசல் தெரிந்தது. வெங்காயக் கூடை, பால் டப்பா, அதற்கு முன்னால் நாங்கள் இருவர். மேலிருந்து பார்ப்பதால் முகம் தெரியவில்லை, என் வழுக்கையும் அவள் வகிடும்தான். ஓரத்தில் பதிவைக் காட்டும் சிவப்புப் புள்ளி எரிய ஆரம்பித்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒருவர் தயிர் வாங்க வந்து, எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.