ஊதாத் துணிக்குள் இருந்த பிளேட்டு

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் புதிதாக வந்த கிராமபோன் பிளேட்டு ஒன்றைக் கேட்டால், அது தேறுமா தேறாதா என்று அங்கேயே சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கூச்சம் கிடையாது. திண்டுக்கல்லில் புளி மண்டி வைத்திருந்தேன். நத்தத்துச் சரக்கு வந்து இறங்கினால், மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுத் தரம் சொல்வது என் பிழைப்பு. பாட்டும் எனக்கு அப்படித்தான். மண்டி விசயமாக மதுரைக்குப் போனால், புது பக்திப் பாட்டு பிளேட்டு ஒன்றில்லாமல் திரும்பமாட்டேன்.

அந்தச் சமயத்தில் கிறிஸ்தவப் பாட்டுகளில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். மாதா பாட்டுக்குக் கிதார் வைத்து ஒரு பிளேட்டு வந்தது. ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வதுபோல இருந்தது, மறுபடி போடவில்லை. இன்னொன்றில் மவுத் ஆர்கன். பாடியவருக்கு நல்ல சாரீரம், ஆனால் வாத்தியம் அவரை முன்னால் வரவே விடவில்லை. பாவம், அவரும் எவ்வளவுதான் தள்ளுவார்?

நான் சொல்ல வந்த பிளேட்டு, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய நேரத்தில் வந்தது. சின்ன பிளேட்டு, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. பூசைப் பாட்டுகளையே புல்லாங்குழல், வீணை, தபேலா வைத்து நம்முடைய ராகத்தில் பாடியிருந்தார்கள். முதலில் குழல் மட்டும் வரும், விடியற்காலையில் ஆளில்லாத கோயிலுக்குள் ஒருவர் நுழைவதுபோல. பிறகு வீணை. தபேலா அவசரப்படாது. இரண்டு அடி பாடி முடித்தபின், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறவரைப்போல மெல்ல உள்ளே வரும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து லத்தீனில் ஆண்டவரிடம் மன்றாடியிருக்கிறேன். என்ன கேட்கிறேன் என்று அன்றைக்குத்தான் என் காதுக்கே தெரிந்தது.

மூத்த மகளும் கூடவே கேட்டாள். "அப்பா, என் கல்யாணப் பூசைக்கு இந்தப் பாட்டுத்தான் வேணும்" என்றாள்.

கல்யாணம் ஈஸ்டர் முடிந்த மறு வாரம். மாப்பிள்ளை வீடு ஆயக்குடியில், கொய்யாத் தோப்புக்காரர்கள். எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றார். ஆனால் சம்பந்தியிடமிருந்து வந்த பதில் வேறு. கோயிலுக்குள் தபேலா அடித்தால் அவர் வெளியேதான் நிற்பாராம். மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பிளேட்டை ஒரு தடவை கேட்டால் மனிதர் மாறிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எங்களைப் பார்க்க வந்தது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில். எங்கள் வீட்டில் தபசு தொடங்குகிற விபூதிப் புதன் அன்றைக்கே என் மனைவி, கோயிலில் சுரூபங்களை மூடுகிற மாதிரி, பிளேட்டுப் பெட்டியை ஊதாத் துணியால் மூடிவிடுவாள். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகுதான் துணி எடுபடும். இந்த ஒரு தடவை மட்டும் என்று இழுத்துப் பார்த்தேன். "மக கல்யாணம்னு சொல்லி ஆண்டவர்ட்டயே சலுகை கேக்கப் போறீகளா?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். நானும் அந்தத் துணியில் கை வைக்கிற ஆள் இல்லை.

சம்பந்தி ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, கோயிலுக்குத் தபேலா எதுக்குங்க? ஆர்மோனியம் பத்தாதுங்களா?"

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

"போடுங்க, கேக்கறேன்."

ஊதாத் துணியைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "மூடி வச்ச பெட்டிய வச்சுக்கிட்டு என்னைய மாத்தப் பாக்கறீங்களா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "பெட்டியத்தான மூடியிருக்கு? ஒங்க வாய யாரு மூடுனது?"

சரி என்று நானே பாடினேன். குழலுக்கு உதட்டைக் குவித்து ஊதினேன். வீணைக்கு மூக்கால் ஒரு சத்தம். தபேலாவுக்குக் கொய்யாக் கூடை. என் காது நல்ல காது. குரலுக்கு நான் பொறுப்பில்லை. கதவுக்குப் பின்னால் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. சம்பந்தி முகம் பச்சைப் புளியங்காயைக் கடித்ததுபோல ஆகிவிட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. அந்த எடத்துல கொரல் கீழ எறங்காதுங்க. எறங்கினா பாட்டே செத்துப்போவுமுங்க."

"பிளேட்டுல எறங்குதே!"

"எறங்கியிருக்காதுங்க!"

எங்கே இறங்கக்கூடாது என்று காட்டுவதற்காக அவரே பாடினார். ஆயக்குடியில் வெகு காலம் லத்தீன் பூசைக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர். என் வீட்டுக் கூடம் ஒரு நொடியில் கோயிலாகிவிட்டது. இரண்டு அடி முடியட்டும் என்று காத்திருந்து, கூடையில் விரலை மெல்ல வைத்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை.

"அடுத்த அடி என்னங்க?"

நான் தப்பாகப் பாட, அவர் சரியாகப் பாட, ஒரு பக்கம் முழுவதும் முடிந்தது. காபி ஆறிப்போயிருந்தது. அவர் கூடையையே பார்த்தபடி சொன்னார்: "லத்தீன் போச்சு, இனி கோயில்ல நமக்கு என்ன வேலைன்னு இருந்தேனுங்க."

 பிறகு கூடையை ஒரு விரலால் தட்டிக் கேட்டார். "தபேலாக்காரர் இப்படித்தான் அடிப்பாருங்களா?"

"இன்னும் மெதுவா."

"அப்பச் சரிங்க. ஒண்ணே ஒண்ணு. கோயில்ல நீங்க பாடக் கூடாது."

உள்ளே மகள் வாய்விட்டே சிரித்தாள்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்ததும் துணியை எடுத்து பிளேட்டைப் போட்டேன். அந்த இடத்தில் குரல் இறங்கத்தான் செய்தது. என் காது தப்பவில்லை. மறு வாரம் கல்யாணப் பூசையில் பாட்டுக் குழுவின் முன்னால் சம்பந்தி நின்றார். தபேலா மெல்ல உள்ளே வந்தது. அதே இடத்தில் அவர் இறங்கவில்லை. குரலை அப்படியே நிறுத்திப் பிடித்தார், மொத்தக் குழுவும் அவரோடு நின்றது. பீடத்தின் முன்னால் முழந்தாளில் இருந்த என் மகள் தலையைக் கொஞ்சம் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் கேட்ட புது பிளேட்டுகளில் அதற்கு இணை இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் மனசு மேலேயே நிற்கிறது, பிளேட்டு கீழே போய்விடுகிறது. அந்த பிளேட்டில் உள்ள குறை அது ஒன்றுதான்.