லுக் அவுட்

என் மனைவி துறைமுக அலுவலக வேலைக்காக ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தாள். போனில் பாடம் கேட்டுக்கொண்டே இறால் உரிப்பாள். கேட்டதை என்னிடம் சோதித்துப் பார்ப்பாள்.

"'கிவ் அப்'னா இன்னா, சொல்லு?"

"மேல குடு."

"அய்யோ, கைவிட்டுர்றதுய்யா! ரெண்டு வார்த்தை ஒண்ணா சேந்தா அர்த்தமே மாறிடும். தனித்தனியா பிரிச்சே, மாட்டிக்குவே."

பசியாவரத்தில் எங்கள் வீட்டில் அந்த மார்கழி முழுக்க இதுதான் சிரிப்பு. அப்படித்தான் 'லுக் அவுட்'டும் என் காதில் விழுந்தது. உஷார் என்று அர்த்தமாம்.

ஒருநாள் விடியலில் அவளுடைய அண்ணனும் நானும் முகத்துவாரம் தாண்டி, காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வலை போடப் போனோம். நல்ல மூடுபனி. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஓர் இழுவைக் கப்பல் குறுக்கே கடந்து போனது. அதுதான் போய்விட்டதே என்று மச்சான் அதன் பின்பக்கமாகப் படகை விட்டார்.

கப்பலிலிருந்து ஒலிபெருக்கியில் ஒருவன் அலறினான்.

"லுக் அவுட்! லுக் அவுட்!"

"வெளிய பாருன்றான்," என்ற மச்சான் ஆழக்கடல் பக்கம் திரும்பினார். "அங்க இன்னா கீது? ஒண்ணுங்காணமே."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"மச்சான், உஷாருன்றான்! இன்ஜினை நிறுத்து!"

நிறுத்தினார். படகு தானாகக் கொஞ்ச தூரம் ஊர்ந்தது. எங்கள் முன்னால் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கம்பிவடம் மெதுவாக எழுந்து, நீர் சொட்ட விறைத்து நின்றது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். அதன் மறுமுனையில், அந்தக் கப்பல் இழுத்துவந்த, மண் ஏற்றிய மிதவை ஒன்று வீட்டு உயரத்துக்குப் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. விளக்கில்லை, சத்தமில்லை. துடுப்பைப் போட்டுப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி விலகினோம்.

ஒலிபெருக்கிக்காரன் அதன்பிறகும் ஏதேதோ கத்தினான். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

வலை போடாமலே திரும்பினோம். மதியம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். சோறு வேண்டாமென்றார்.

"தங்கச்சி, எனக்கும் கத்துக் குடும்மா. கப்பக்காரன் வேற இன்னாலாம் கத்துவான்?"

'பேக் ஆஃப்'னா பின்னால போ, 'ஹோல்ட் ஆன்'னா கெட்டியா பிடிச்சுக்கோ என்று அவள் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார். அர்த்தத்தை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டார்.

"படகு முழுகுதுன்னா இன்னான்னுவான்?"

முந்தின வாரம்தான் அவள் அதைப் படித்திருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"அந்தப் பாடம் இன்னும் வரலண்ணா," என்றாள்.

மறுநாளும் பனி இறங்கியிருந்தது. போகாமலிருக்க முடியாது. நான் இன்ஜினைப் பிடித்தேன், அவர் முன்னால் நின்றுகொண்டார். காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து கப்பல்களின் உறுமல் வந்தது. எது எவ்வளவு தூரத்தில் வருகிறதென்று இருவருக்கும் தெரியவில்லை.