மூன்றாவது கையெழுத்து

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்ததும் கணவரின் பைக்கில் தொற்றிக்கொண்டு புதுவாயல் பக்கம் மனை பார்த்து அலைந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். அவர் போய்விட்ட பிறகு அப்படித் தோன்றுகிறது. அப்போதென்னவோ வெயிலையும் தூசியையும் அவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டேதான் போனேன்.

கடைசியில் ஒரு மனை பிடித்துப்போனது. அப்பாவிடமிருந்து வந்த இடத்தை அண்ணன் தம்பி இருவர் விற்றார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருந்தது. வில்லங்கச் சான்றிலும் ஒரு குறை இல்லை. எங்களிடம் இருந்ததெல்லாம், என் வளையல் உட்பட, அந்த ஒரு மனைக்குத்தான். முன்பணம் கொடுக்கத் துடித்தோம்.

பத்திரங்களைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்த வக்கீலம்மா மட்டும் அசையவில்லை. "இவங்க அப்பா இறந்துட்டாரே, வாரிசுச் சான்றிதழ் எங்கே?" என்றார். இந்தம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வந்தது. சான்றிதழ் வந்தபோது அதில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்த தங்கை.

அண்ணன்காரர் விழித்தார். "அதான் கல்யாணத்துலயே சீரு செஞ்சி அனுப்பிட்டமே. அதுக்கும் இதுக்கும் இன்னா?" ஏமாற்றுகிற ஆள் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்தத் தங்கச்சி கேஸ் போட்டா, நீங்க வாங்கின இடத்துல அவங்களுக்கும் பங்கு உண்டு" என்றார் வக்கீலம்மா.

பள்ளிப்பட்டுக்கும் பைக்கிலேயே போனோம். அந்தத் தங்கை எங்களுக்கு நாஷ்டா வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"இத்தினி வருசமா என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. முன்னப்பின்ன தெரியாத நீங்க வந்து கேக்குறீங்க" என்றாள். பிறகு, "அண்ணனை வரச் சொல்லுங்க. எம்பங்கைக் குடுத்துட்டு கையெழுத்து வாங்கிக்கினு போவட்டும்."

அண்ணன் முனகிக்கொண்டே போனார், கொடுத்தார். பதிவு அலுவலகத்தில் அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மனை எங்களுடையதானது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் வழியில் என் கணவர் சட்டென்று கேட்டார். "ஆர்.கே.பேட்டையில உங்கப்பா நெலத்தை உங்க அண்ணனுங்க வித்தாங்களே, உன்னாண்ட கையெழுத்து வாங்குனாங்களா?"

இல்லை. எனக்கும் சீர் செய்தாயிற்று என்றுதான் அதுவரை நானும் நினைத்திருந்தேன். அங்கே இப்போது யாரோ வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை.