கினுவே கலந்த பழுப்பு

நெரிமாவில், பஸ் டெப்போவுக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில், கினுவே குராமோச்சி பகலெல்லாம் ரத்தம் பூசிக்கொண்டிருந்தாள். வீடியோ கேசட்டில் மட்டும் வந்த, பெரியவர்களுக்கான கார்ட்டூன் தொடர் அது. கூலிக்குக் கொலை செய்யும் ஒருத்தியின் கதை. கண்ணாடி போன்ற தாள்களில் கோட்டுப்படம் மட்டும் ஸ்டூடியோவிலிருந்து வரும்; எந்த இடத்துக்கு எந்த எண் சாயம் என்று ஒரு சீட்டும் வரும். தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பூச வேண்டும். கினுவேயின் தூரிகை கோட்டைத் தாண்டாது. அதனால் சண்டைக் காட்சிகளெல்லாம் அவள் தலையில்தான்.

மூன்றாம் பாகத்தில் நாயகியின் தோழி மீன் சந்தையில் குத்துப்பட்டு விழுகிறாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரை நாயகி அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். சீட்டிலோ முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை ஒரே சிவப்பு. கினுவேக்கு மனசு ஒப்பவில்லை. கல்யாணத்துக்கு முன் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவள் அவள். அறுபத்திரண்டு தாள்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பைக் கூட்டிக்கொண்டே போனாள். யாரையும் கேட்கவில்லை.

அடுத்த வாரம், புதுத் தாள்களைத் தந்துவிட்டுப் பூசியவற்றை வாங்கிப்போகும் நுமாஜிரி வெறுங்கையோடு வாசலில் நின்றார்.

"குராமோச்சி சான், வண்டியில ஏறுங்க. டைரக்டர் கூப்பிடுறாரு."

"கோவமா இருக்காரா?"

"கோவம்னா கத்துவாரு. இன்னைக்குக் கத்தல. அதான் எனக்கே பயமா இருக்கு."

ஸ்டூடியோவில் டைரக்டர் ஹத்சுகானோ அந்தக் காட்சியை அவளுக்கு இரண்டு முறை ஓட்டிக் காட்டினார்.

"யாரு சொல்லி இப்படிப் பண்ணீங்க?"

"யாரும் சொல்லல. தப்புதான், மன்னிச்சிடுங்க. ஆனா இவ்வளவு நேரம் கழிச்சும் ரத்தம் சிவப்பா இருக்காதுங்க. ஓரம் முதல்ல காயும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைச்சேனே."

அவர் சிகரெட்டை அணைத்தார். "வேற என்ன தப்பா இருக்கு?"

கினுவே நுமாஜிரியைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இத்தனை பேரு சாகுறாங்க. குத்தினவங்க ஒருத்தராவது கையக் கழுவுறாங்களா?"

நுமாஜிரிக்கு வந்த சிரிப்பு இருமலாகிப் போனது. டைரக்டர் சிரிக்கவில்லை, பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார். நான்காம் பாகத்தில் நாயகி ரயில் நிலையக் குழாயடியில் ஒரு நிமிஷம் கை கழுவுகிறாள். வசனமில்லை, இசையில்லை. தொடரைப் பைத்தியமாகத் தேடிப் பார்த்தவர்கள் பின்னாளில் சண்டைகளை விட்டுவிட்டு அந்த ஒரு நிமிஷத்தைத்தான் பேசினார்கள். அந்தப் பாகம் முதல் நிறங்களை முடிவு செய்வது கினுவேயின் பொறுப்பானது.

கேசட்டுகள் முதல் வருஷம் வாடகைக் கடையின் பின் அலமாரியில் தூசி தின்றன. நான்காம் பாகத்தை எடுத்து வந்த முதல் ஆள் அவள் கணவர் யாசுஹெய், பஸ் ஓட்டுநர். ஊசி போடும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி முழுசாகப் பார்த்து முடித்தார்.

"எப்படி இருந்தது?" என்றாள் கினுவே.

"பாதி நேரம் கண்ண மூடிட்டேன். உன் பேரு வர்றப்ப மட்டும் நல்லாத் தொறந்து வச்சிருந்தேன்."

டேப்பைப் பின்னோக்கிச் சுற்றி, அந்தப் பெயர் வரும் இடத்தை மறுபடி ஓடவிட்டார்.